பண்டாரக்கள் ஏழெட்டுப் பேர்

இலங்கை மலைநாட்டில் இராணுவப் பயிற்சி முகாம் இருக்கும் தியத்தலாவை பஜாரில் இராணுவச் சீருடை தைக்கும் கடை வைத்திருந்தவனுக்கு முதல் தலைவலி துணி அல்ல, பெயர். என் அளவுக் கொப்பியில் ஒரே நேரத்தில் பண்டார என்ற சிங்களக் குடும்பப் பெயரோடு ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். ஹேரத்களையும் ரத்நாயக்கக்களையும் சேர்த்தால் பக்கம் நிரம்பிவிடும். மார்பில் வைக்கும் பட்டியில் கடைசிப் பெயர் மட்டும்தான் வரும். எந்த பண்டாரவுக்கு இடுப்பு முப்பது, எந்த பண்டாரவுக்கு வலது தோள் கொஞ்சம் தாழ்ந்தது என்று அந்தப் பெயரை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே தோழர்கள் அவர்களை எப்படிக் கூப்பிடுகிறார்களோ அந்தப் பெயரையே கொப்பியில் எழுதினேன். தமிழில் எழுதினால் அவர்களில் யாரும் வாசிக்க மாட்டார்கள் என்ற தைரியம்.

இந்தச் சிக்கல் எங்கள் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. 1879இல் தென்னாபிரிக்காவின் ரோர்க்ஸ் டிரிஃப்டில் சண்டையிட்ட பிரித்தானியப் படைப்பிரிவில் ஜோன்ஸ்கள் பலர். அவர்களில் இருவருக்கு வீரத்துக்கான உயர்ந்த பிரித்தானிய விருதான விக்டோரியா சிலுவை கிடைத்தது. ஒருவர் 593 ஜோன்ஸ், மற்றவர் 716 ஜோன்ஸ். வேல்ஸ்காரர்கள் நிறைந்த படைகளில் இலக்கத்தைச் சேர்த்துக் கூப்பிடுவது வழக்கம். எங்கள் பையன்களுக்கு இலக்கம் பிடிக்காது. உடம்பைப் பார்த்தும், செய்த காரியத்தைப் பார்த்தும் பெயர் வைத்துவிடுவார்கள்.

நான் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். பட்டப்பெயர் எனக்குப் புதிதல்ல. தோட்டத்தில் வேலையாட்களின் பெயர் பதியும் செக்ரோலில் நான்கு ராமசாமி இருந்தால் ஒருவர் மேட்டு லயத்து ராமசாமி, ஒருவர் மூக்குப்பொடி ராமசாமி, இன்னொருவர் வெறும் 'ரயில்'. ஒரே ஒரு முறை கொழும்புக்குப் போய்விட்டு வந்து அந்தப் பயணத்தை ஆண்டு முழுவதும் விவரித்தவர் அவர். பெரட்டுக்களத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆள் பிரிப்பதை மேற்பார்க்கும் துரை ஒருவருக்குக் 'கொக்கு' என்று பெயர். அது அவர் காதுக்கு எட்டியதே இல்லை. பிறகு அப்பாவோடு தையலுக்கு வந்து தியத்தலாவையில் உட்கார்ந்தபோது, காற்சட்டை எப்போதும் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கும் ஒரு கெடெட்டை மற்றவர்கள் 'கொகா' என்று கூப்பிட்டார்கள். நீளக்கால்காரனைக் கண்டால் தோட்டமும் முகாமும் ஒரே பறவையைத்தான் நினைக்கின்றன.

ஊரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 4,000 அடிக்கு மேலே, புல் மலைகளுக்கு நடுவில் இருக்கும் இடம். 1900இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட டச்சு வம்சாவளிப் போயர்களைக் கொண்டுவந்து இங்கேதான் அடைத்தார்கள். ஏறத்தாழ 5,000 பேர். உலகப் போர்க் காலங்களில் ஜெர்மானியர்களையும் அடைத்தார்கள். 1950 முதல் தரைப்படையின் பயிற்சி நடக்கிறது. குன்று ஒன்றின் சரிவில் கற்களால் வரைந்த ஒரு நரி தெரியும். 'ஃபொக்ஸ்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாலுமிகள் பதித்தது. குன்றுக்கும் ஃபொக்ஸ் ஹில் என்றே பெயர் நின்றுவிட்டது. இங்கே மலையே பட்டப்பெயரோடுதான் இருக்கிறது.

பெயர்கள் எப்போது பிறக்கின்றன என்பதை நான் கடையிலிருந்தே பார்த்தேன். சேர்ந்த புதிதில் அளவு கொடுக்க வருகிறவர்கள் ஒருவரையொருவர் குடும்பப் பெயரால் அழைப்பார்கள், அதுவும் பயந்துகொண்டே. உடை வாங்க வரும்போது பாதிப் பேருக்கு வேறு பெயர் வந்திருக்கும். அணிவகுப்பில் நின்றபடியே தூங்கியவன் 'அஸ்வயா' ஆகியிருப்பான். குதிரைதானே நின்றுகொண்டு தூங்கும். அடிக்கடி உடம்பு சரியில்லை என்று வரிசையில் நிற்பவன் 'டொக்டர்'. இருபது வயதில் காதோரம் நரைத்தவன் 'சீயா', அதாவது தாத்தா. அவனுக்கு அறுபது வயதானாலும் அதே பெயர்தான். அப்போது பொருத்தமாகவும் இருக்கும்.

தனக்குத் தானே பெயர் வைத்துக்கொள்ள முயன்றவர்களைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கெடெட் இருந்தான். பள்ளிக்கூடத்தில் தன்னை 'லயன்' என்றுதான் கூப்பிடுவார்கள் என்று வந்த நாளிலிருந்தே எல்லோரிடமும் சொல்லிவைத்தான். என்னிடமும் சொன்னான். ஒரு வாரம் அவன் சிங்கமாக இருந்தானோ என்னவோ, அடுத்த முறை வந்தபோது கூட வந்தவன் வாசலிலிருந்து கூப்பிட்ட பெயர் 'பூசா'. பூனை. பெயரைக் கேட்டு வாங்க முடியாது. கேட்டால் குறைத்துத்தான் கொடுப்பார்கள்.

மழை மாதங்களில் பிற்பகல் முழுவதும் வாடிக்கையாளர் வராமல் இருந்த நாட்கள் உண்டு. அப்போது ஓய்வு பெற்ற மலாய் சார்ஜன்ட் ஒருவர் கடைக்கு வந்து உட்கார்ந்திருப்பார். நன்றாகத் தமிழ் பேசுவார். நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். 1949இல் இலங்கைக்கென்று தரைப்படை தொடங்கிய புதிதில் சேர்ந்தவர்; பிரித்தானியப் பயிற்றுநர்களிடம் அடியும் தேத்தண்ணீரும் வாங்கியவர். வெள்ளைக்காரனுக்குப் பெயர் வைக்க மூளையே தேவையில்லை என்பார். மில்லர் என்று குடும்பப் பெயர் இருந்தால் 'டஸ்டி', வைட் என்று இருந்தால் 'சோக்கி', கிளார்க் என்றால் 'நொபி'. ஆள் யார், எப்படிப்பட்டவன் என்ற கேள்வியே இல்லை. குடும்பப் பெயரோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்துவிடுவார்கள். "நம் பையன்கள் அப்படியில்லை தம்பி, ஒருவனை ஒரு வாரம் பார்த்துவிட்டுத்தான் அவமானப்படுத்துவார்கள்" என்று சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பிற்பகல்களில் கிடைத்ததையெல்லாம் வாசிப்பேன். அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஜெனரல் ஜாக்சனுக்கு 'கற்சுவர்' என்ற பெயர் வந்தது 1861 ஜூலையில், புல் ரன் சண்டையில். அதோ ஜாக்சன் கற்சுவர் போல் நிற்கிறார் என்று சொன்னவர் அவரோடு ஒரே பக்கத்தில் போரிட்ட ஜெனரல் பீ. உறுதியைப் புகழ்ந்தாரா, உதவிக்கு வராமல் சுவர் மாதிரி நிற்கிறாரே என்று எரிந்து விழுந்தாரா என்று இன்று வரை வழக்காடுகிறார்கள். பீயையே கேட்கலாம் என்றால், காயம்பட்டு மறுநாளே இறந்துவிட்டார். முதல் உலகப் போரில் ஐரோப்பாவில் அமெரிக்கப் படையை நடத்திய பெர்ஷிங்கை உலகம் 'பிளாக் ஜாக்' என்று அறியும். கேட்க வீரமாகத்தான் இருக்கிறது. அது வந்த வழி வேறு. அவர் முன்பு கறுப்பினச் சிப்பாய்களின் குதிரைப் படையில் அதிகாரியாக இருந்தவர். பின்னர் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் கடுமையாக நடந்துகொண்டார் என்பதற்காக மாணவர்கள் அதைச் சுட்டி இழிவாக வைத்த பெயர் அது. முதலில் இருந்த சொல் இன்னும் மோசமானது. பிறகு அச்சிடத் தக்கதாக மாற்றிக்கொண்டார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பட்டப்பெயர் எல்லாம் பாசம் என்று ஓய்வு பெற்றவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். பெயர் வைத்தவர்கள் பேசும் பேச்சு அது. திக்கிப் பேசும் ஒரு பையன் இருந்தான். அவனுக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. கொப்பியிலும் அதை எழுதவில்லை. அவன் பெயரை மட்டும் முழுதாக எழுதினேன். ஒரு நாள் தனியாக வந்து, மார்புப் பட்டியில் எழுத்துகளைக் கொஞ்சம் பெரிதாகப் போட முடியுமா என்று கேட்டான். முடியாது, அளவு மேலிருந்து வருவது, ஒரு நூலிழை கூட மாற்றக் கூடாது. அவனுக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்டான்.

யார் யாரை அப்படிக் கூப்பிடலாம் என்பதற்கு எங்கும் எழுதாத ஒரு சட்டம் உண்டு. ஒரே அணியில் பயின்றவர்கள் முகத்துக்கு நேரே கூப்பிடலாம். மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கூப்பிடலாம். கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்கு வைத்த பெயர் படுக்கை அறையையும் சமையல்கட்டையும் தாண்டி வரக் கூடாது. 1944இல் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தைக் கண்டிப் பக்கம் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். அவருடைய 'டிக்கி' என்ற பெயர் குடும்பத்தில் வந்தது; பிரபுக்கள் வட்டத்தில் புழங்கியது. அவருக்குக் கீழே பர்மாவில் போரிட்ட ஜெனரல் ஸ்லிமைச் சிப்பாய்கள் 'பில் மாமா' என்றார்கள். இரண்டில் எது சம்பாதித்தது, எது பிறப்போடு வந்தது என்று சொல்லத் தையல்காரன் தேவையில்லை.

எனக்கும் ஒரு பெயர் வைத்தார்கள். 'நூல் மாமா'. யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. என் சட்டையில் எப்போதும் நூல் துணுக்குகள் ஒட்டியிருக்கும், அதனால் இருக்கலாம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு அவர்களும் அப்படியே அழைத்தார்கள். போர்க் காலத்தில் மலையகத் தமிழன் ஒருவன் பஸ்ஸில் கொழும்புக்குப் போவதென்றால் எத்தனை முறை இறங்கி ஏற வேண்டும் என்பது அந்தக் காலத்தில் பயணம் செய்தவர்களுக்குத் தெரியும். அடையாள அட்டையில் இருக்கும் பெயர்தான் இறக்கிவிடும். ஒரு தடவை ஒரு சோதனைச் சாவடியில் என்னையும் இன்னும் சிலரையும் ஓரமாக நிறுத்திவைத்தார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அட்டையைக் கையில் வைத்திருந்தவர் என் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்து, ஊர் எது, தோட்டம் எது, ஏன் வந்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். உள்ளேயிருந்து வந்த ஒரு கோப்ரல் என்னைப் பார்த்ததும் "அட, நூல் மாமா!" என்றார். அவ்வளவுதான், அட்டை கைக்கு வந்துவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். என்னோடு நின்றவர்களுக்கு அங்கே யாரும் பெயர் வைத்திருக்கவில்லை. பஸ் அவர்களை விட்டுவிட்டுப் புறப்பட்டது. அந்தப் பட்டப்பெயரைப் பற்றி எனக்கு முழு மகிழ்ச்சி ஏற்படாததற்கு அந்தப் பயணம் ஒரு காரணம்.

கொப்பியை வாசிக்க யாருமில்லை என்ற என் தைரியமும் ஒரு நாள் போனது. தமிழ் படித்துத் தேறிய ஒரு கப்டன் உடை சரிபார்க்க வந்தார். நான் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கிக்கொண்டிருக்கையில் கொப்பியைப் புரட்டி, பள்ளிப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தார். "வாத்து. இடுப்பு முப்பத்து நான்கு." தலையைத் தூக்கி, "மாஸ்டர், இது நானா?" என்று தமிழிலேயே கேட்டார்.

"நான் வைத்தது இல்லை, சேர்" என்றேன்.

"எனக்குத் தெரியும். எப்படி நடக்கிறேன் என்று எனக்கும் தெரியும். ஆனால் இடுப்பு முப்பத்து மூன்றுதான்." மீண்டும் நாடாவைப் போட வைத்தார். முப்பத்து நான்கேதான் இருந்தது.

சில உடைகளை வாங்க யாரும் வரவில்லை. வடக்கில் சண்டை கடுமையாக இருந்த ஆண்டுகளில் அவற்றைத் தனியாக ஒரு அலுமாரியில் தொங்கவிட்டிருந்தேன். ஒரு முறை மொனராகலைப் பக்கமிருந்து ஒரு தாய் வந்தார். மகன் விடுமுறையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்ன உடையைத் தேடி வந்திருந்தார். வீட்டில் அழைக்கும் செல்லப் பெயரைச் சொன்னார். பிறகு குடும்பப் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரில் என்னிடம் நால்வர் இருந்தார்கள். முகாமிலிருந்து கூட வந்திருந்த பையன் தயங்கித் தயங்கி என் காதருகே ஒரு பெயரைச் சொன்ன பிறகுதான் உடையை எடுக்க முடிந்தது. நல்ல பெயர் அல்ல. அந்த அம்மாவுக்கு அது காதில் விழவில்லை என்றே நினைக்கிறேன். கூலி வாங்கவில்லை.

சிங்கமாக ஆசைப்பட்டவன் பிழைத்தான். போர் முடிந்த பின் மேஜராக, கொஞ்சம் தொப்பையோடு, கெடெட்டாகச் சேர்ந்திருந்த தன் மகனை அளவு எடுக்க அழைத்துவந்தார். மகன் கையை விரித்து நின்றான். அப்பா நாற்காலியில் சாய்ந்து, "இந்த மாமாவுக்குத்தான் தெரியும், எங்கள் அணியில் என்னை 'லயன்' என்றுதான் கூப்பிடுவார்கள்" என்றார். என் வாயில் குண்டூசிகள் இருந்தன. தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் வெளியே போய்த் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது மகன் குரலைத் தாழ்த்தி, "மாமா, அப்பாவை நிஜமாகவே அப்படித்தான் கூப்பிட்டார்களா?" என்று கேட்டான்.

"பேசினால் அளவு தப்பிவிடும், தம்பி" என்றேன்.

உடையை வாங்க அவன் தோழர்களோடு வந்தான். அதற்குள் யாரோ பழைய கதையை அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். வாசலில் நின்றவன் நேரமாகிவிட்டது என்று உள்ளே பார்த்துக் கத்தினான்: "பூஸ் பெட்டியா!" பூனைக்குட்டி. மகன் பணத்தை எண்ணி என்னிடம் கொடுத்துவிட்டு, பழகிப்போன குரலில், "இதோ வருகிறேன்" என்றான்.