டெத் வேலி: காரை மறித்து நின்ற கயோட்டி

கலிபோர்னியாவின் இர்வைனில் இருக்கும் தங்கை வீட்டுக்குத் திரும்பி மூன்று நாள் ஆகிறது. வழி, தங்குமிடம், செலவு என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. டெத் வேலி என்ற அந்தப் பாலைவனத் தேசியப் பூங்காவை நினைத்தாலே சாலை நடுவே நின்ற கயோட்டிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அதை இறக்கி வைத்தால்தான் மற்றதெல்லாம் எழுத வரும்.

பிப்ரவரி மாதம், முதல் நாள் சாயங்காலம். ஃபர்னஸ் கிரீக்கைத் தாண்டி 190ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே போய்க்கொண்டிருந்தோம். வெயில் இறங்கி மலையெல்லாம் செம்மண் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. ஒரு வளைவு திரும்பியதும் முன்னால் ஒரு பிக்கப் வண்டி நின்றது. பழுதாகிவிட்டதோ என்று மாப்பிள்ளை வேகத்தைக் குறைத்தார். அப்போதுதான் பார்த்தோம். சாலையின் மஞ்சள் கோட்டு மேலேயே ஒரு கயோட்டி நின்றுகொண்டிருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கயோட்டி நம் ஊர்க் குள்ளநரிக்கு ஒன்றுவிட்ட சொந்தம். கால் அதைவிட நீளம், காது பெரிது. வட அமெரிக்காவிலும் மத்திய அமெரிக்காவிலும்தான் உண்டு. பேர்கூட மெக்சிகோவின் நாவாட்டில் மொழியிலிருந்து ஸ்பானிஷ் வழியாக வந்தது. பாலைவனத்துக் கயோட்டி பத்துக் கிலோவைச் சுற்றித்தான் இருக்கும், நடுத்தரமான ஒரு தெருநாய் எடை. எலி, முயல், செத்த பிராணி, காட்டுக் காய் என்று எதையும் தின்று பிழைத்துக்கொள்ளும். மனித வாடை பட்டாலே காற்றாய்ப் பறந்துவிட வேண்டிய பிராணி அது.

பிக்கப்பின் ஜன்னல் இறங்கியது. ஒரு கை வெளியே வந்து சிப்ஸ் பாக்கெட்டைக் கவிழ்த்தது. கயோட்டி நிதானமாக நடந்து வந்து, தார் ரோட்டில் கிடந்ததைப் பொறுக்கித் தின்றது. முடித்ததும் தலையைத் தூக்கி மறுபடி ஜன்னலைப் பார்த்தது. இன்னொரு கை, இன்னொரு பிடி சிப்ஸ். உள்ளே சிரிப்புச் சத்தம். செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு பிக்கப் கிளம்பிப் போனது. கயோட்டி எங்கள் காருக்கு வந்தது.

நேராகத் தங்கை மகன் உட்கார்ந்திருந்த பின்சீட்டுப் பக்கம் வந்து நின்றது. கதவுக்கும் அதற்கும் மூன்றடிகூட இல்லை. இவ்வளவு கிட்டத்தில் ஒரு காட்டு விலங்கை நான் பார்த்ததே கிடையாது. இடது காது நுனி கிழிந்திருந்தது. முதுகில் சாம்பலும் பழுப்புமாக முடி, கால் மட்டும் துருப்பிடித்த நிறம். விலா எலும்பை எண்ணிவிடலாம். மூக்கில் சிப்ஸ் தூள் ஒட்டியிருந்தது, நாக்கைச் சுழற்றித் துடைத்துக்கொண்டது. கண் மஞ்சள். அந்தக் கண் எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. பையனின் கையையே பார்த்தது. அவன் கையில் தங்கை சுட்டு எடுத்து வந்திருந்த முறுக்கு. கை மேலே போனால் கண்ணும் மேலே போனது. கை மடிக்கு இறங்கினால் கண்ணும் இறங்கியது.

"மாமா, ஒண்ணே ஒண்ணு போடட்டா?"

"பாவம் மச்சான், வயிறு ஒட்டிப்போய் நிக்குது" என்றார் மாப்பிள்ளை. அவர் விரல் ஜன்னல் பொத்தானுக்கே போய்விட்டது.

"வேண்டாம் மாப்பிள்ளை. ஹாரன் அடிங்க" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அடித்தார். அது அசையவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம் போலிருக்கிறது. இரண்டாவது தடவை விடாமல் அழுத்தி, நானும் கதவை உள்ளேயிருந்து ஓங்கித் தட்டிக் கத்திய பிறகு இரண்டு எட்டு பின்வாங்கியது. ஓடவில்லை. சாலையோரம் போய் உட்கார்ந்து, அடுத்த கார் வரும் திசையைப் பார்க்க ஆரம்பித்தது.

அப்புறம் காருக்குள் வெகுநேரம் யாரும் பேசவில்லை. மாப்பிள்ளைக்கு என் மேல் வருத்தம். ஒரு முறுக்கில் என்ன கெட்டுப்போய்விடும் என்று அவருக்கு. என் பதிலை இங்கே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அன்று மதியம் ஃபர்னஸ் கிரீக் பார்வையாளர் மையத்தில் நுழைவுக் கட்டணம் கட்டும்போது, கயோட்டி பார்க்க முடியுமா என்று ஒரு ரேஞ்சரிடம், அதாவது பூங்காக் காவலரிடம், ஆசையாகக் கேட்டேன். அவர் முகம் மலரவில்லை. ரோட்டில் நிற்கும், தயவுசெய்து எதுவும் போடாதீர்கள் என்றார். போட்டவர் ஊர் போய்ச் சேர்ந்துவிடுவார், அது அடுத்த காருக்காக அங்கேயே நிற்கும், இருட்டில் வேகமாக வருகிற வண்டிக்கு அது கண்ணில் படாது. அவர் சொன்னது இவ்வளவுதான். அமெரிக்க தேசியப் பூங்கா எதிலும் காட்டு விலங்குக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம், அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. கயோட்டி போன்ற பிராணிகளிடமிருந்து குறைந்தது 25 கெஜம் தள்ளி நிற்க வேண்டும், அதாவது இரண்டு பஸ் நீளம். அந்த பிக்கப்காரர்கள் இரண்டு அடியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கார் அடிப்பது ஒரு முடிவு. இன்னொரு முடிவு கனடாவின் வான்கூவரில் நடந்தது. அங்கே ஸ்டான்லி பூங்காவில் 2020 டிசம்பரிலிருந்து ஒன்பது மாதத்துக்குள் கயோட்டிகள் 40 பேருக்கு மேல் கடித்தன. ஓட்டப் பயிற்சிக்கு வந்தவர்கள், சின்னக் குழந்தைகள் எல்லாரும் அதில் உண்டு. அதற்கு முன்பு அங்கே ஆட்கள் தீனி போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2021 செப்டம்பரில் இரவு நேரத்தில் பூங்காவை மூடி கயோட்டிகளைப் பிடித்துக் கொன்றார்கள். மொத்தம் பதினொன்று செத்தன. கையிலிருந்து சாப்பாடு வரும் என்று கற்றுக்கொண்ட பிராணி, சாப்பாடு வராத கையைக் கடிக்கிறது. என் தங்கை மகனுக்கு ஆறு வயது. முறுக்கு இருந்த கை அவன் கை. என் கோபத்துக்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

நேரில் நடந்து போகும்போது கயோட்டி எதிரே வந்து நின்றால் ஓடக்கூடாது. குழந்தையைத் தூக்கிக்கொள்ள வேண்டும். கையை மேலே விரித்து, நம்மைப் பெரிதாகக் காட்டி, நன்றாகக் கத்த வேண்டும். மனிதன் என்றால் தொந்தரவு என்று அதற்கு மறுபடி பதியவேண்டும். அதற்கு நாம் செய்யக்கூடிய நல்லது அதுதான். பழமுதிர்சோலையில் கையிலிருந்த பையைக் குரங்கிடம் பறிகொடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

முதல் வயிற்றெரிச்சல் வாடகைக் கார். மூன்று நாளுக்கு 148 டாலர் என்று இணையத்தில் பதிவு செய்தேன். கவுன்டரில் நின்ற ஆள் காப்பீடு, இரண்டாவது ஓட்டுநர், குழந்தை இருக்கை, சுங்கச் சாலைக் கருவி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து 263 டாலருக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். நாங்கள் போகிற வழியில் சுங்கச் சாலையே கிடையாது என்று தங்கை வாதாடி அந்தக் கருவியை மட்டும் எடுக்க வைத்தாள். மிச்சத்துக்கு அழ வேண்டியதாயிற்று. ரூபாயில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கு ரொம்ப நேரம் வெளியே வேடிக்கை பார்க்கக்கூடத் தோன்றவில்லை. குழந்தை இருக்கையை உங்கள் சொந்தக் காரிலிருந்து கழற்றிக்கொண்டு போங்கள். காப்பீடு உங்கள் கிரெடிட் கார்டிலேயே இருக்கிறதா என்று முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இர்வைனிலிருந்து வழியில் வரும் பேக்கர் என்ற சின்ன ஊர் வரை சொல்ல ஒன்றுமில்லை, லாரிகள்தான். பேக்கரில் 134 அடி உயரத்துக்கு ஒரு தெர்மாமீட்டர் நிற்கிறது. 1913 ஜூலை 10 அன்று ஃபர்னஸ் கிரீக்கில் பதிவான 134 டிகிரி ஃபாரன்ஹீட்டை நினைவுபடுத்த அந்த உயரம். நம் கணக்கில் 56.7 செல்சியஸ். பிப்ரவரியில் நாங்கள் ஸ்வெட்டர் போட்டிருந்தோம், மதியம் மட்டும் கழற்றினோம். ஜூலையில் கூப்பிட்டால் போகாதீர்கள்.

பேக்கரிலிருந்து 127ஆம் சாலையில் வடக்கே ஏறி, டெக்கோப்பா பக்கம் விலகினால் சைனா ராஞ்ச் என்று ஒரு பேரீச்சைத் தோட்டம். இதற்காகவே இன்னொரு முறை போவேன். வழியெல்லாம் மொட்டைப் பாறை, புல்கூட இல்லை. குறுகலான ஒரு பள்ளத்துக்குள் சாலை வளைந்து வளைந்து இறங்குகிறது, தங்கைக்குப் பயத்தில் பேச்சே வரவில்லை. இறங்கி முடித்தால் திடீரென்று பச்சை! ஓடைத் தண்ணீர், வரிசையாகப் பேரீச்சை மரம், காற்றில் மட்டை உரசும் சத்தம். அங்கே பேரீச்சம்பழத்தைப் போட்டு மில்க் ஷேக் அடித்துத் தருகிறார்கள். அப்படி ஒரு கெட்டி. ஸ்ட்ராவில் இழுக்கக் கன்னம் வலிக்கிறது, நடுவே பழத்தின் தோல் துணுக்கு பல்லில் மாட்டுகிறது, தித்திப்பு தொண்டை வரை போய் நிற்கிறது. ஆளுக்குப் பாதி என்று இரண்டு வாங்கினோம். குடித்ததும் மறுபடி வரிசையில் போய் நின்று இன்னும் இரண்டு வாங்கினோம். அன்றைய பட்ஜெட்டை அதுதான் உடைத்தது, ஒரு துளி வருத்தமில்லை.

பூங்காவுக்கு ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். ரொக்கம் வாங்குவதில்லை, கார்டுதான். உள்ளே தங்க விசாரித்தேன். ஓர் இரவுக்குக் கேட்ட பணத்தில் பக்கத்து மாநிலமான நெவாடாவின் எல்லைக்குள் இருக்கும் பீட்டி என்ற ஊரில் நால்வரும் இரண்டு இரவு தங்கினோம். அறை பழசு, ஆனால் சுத்தம், வெந்நீர் வந்தது. பெட்ரோலையும் பீட்டியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், பூங்காவுக்குள் போட்டால் கை சுடும். பீட்டி தெருவில் காட்டுக் கழுதைகள் இஷ்டத்துக்கு நடந்து போகின்றன. பையன் மறுபடி முறுக்குப் பொட்டலத்தைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், பேசாமல் உள்ளே வைத்துவிட்டான்.

இரண்டாம் நாள் விடியுமுன் எழுந்து மெஸ்கீட் மணல் மேட்டுக்குப் போனோம். எல்லாரும் சாயங்காலம் போவார்கள், நீங்கள் விடியற்காலையில் போங்கள். ராத்திரி முழுக்க நடந்த நடமாட்டம் மணலில் அப்படியே எழுதியிருக்கிறது. வண்டு போன தடம் தையல் போட்டது மாதிரி. கங்காரு எலி குதித்துக் குதித்துப் போன இரட்டைப் புள்ளிகள். அந்த எலிக்குக் குடிக்கத் தண்ணீரே வேண்டாம், தின்னும் விதையிலிருந்தே ஈரத்தை எடுத்துக்கொள்ளும். அந்தப் புள்ளிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரே நேர்க்கோட்டில் கயோட்டியின் காலடி.

அந்தத் தடத்தைக் கண்ணால் பின்தொடர்ந்த தங்கைதான் முதலில் பார்த்தாள். "அண்ணா, அங்க" என்று மெதுவாகச் சொன்னாள். இருநூறு அடிக்கு மேல் இருக்கும். புதர் ஓரமாக ஒரு கயோட்டி. காது இரண்டையும் முன்னுக்குச் சாய்த்து மணலுக்குள் எதையோ கேட்டுக்கொண்டிருந்தது. சட்டென்று நாலு காலும் தரையை விட்டு எழும்ப ஒரு வில் மாதிரி வளைந்து, முன்னங்கால் இரண்டையும் சேர்த்து விழுந்தது. மணல் தெறித்தது. வாயில் ஏதோ மாட்டியிருக்க வேண்டும், இரண்டு முறை மென்றது. அப்புறம் எங்கள் பக்கம் திரும்பியது. ஒரு நொடிதான். மேட்டின் அந்தப் பக்கம் போய்விட்டது, தூசிகூட எழவில்லை.

"ஏம்ப்பா ஓடிருச்சு?" என்று பையன் கேட்டான்.

"நம்மளைப் பார்த்துப் பயந்து ஓடுது" என்றார் மாப்பிள்ளை. கொஞ்சம் நேரம் கழித்து என் பக்கம் திரும்பி, "நேத்து அது எலி பிடிக்கிற மாதிரியே தெரியலை மச்சான்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தோளில் மட்டும் தட்டினேன்.

அங்கேயே மணலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். ஒரு பருக்கை விடாமல் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டான் பையன். மதியம் பேட்வாட்டர் உப்புத் தரை. கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே. நல்ல இடம், கூட்டம் அதிகம், கண் கூசும், கறுப்புக் கண்ணாடி அவசியம்.

திரும்பும்போது மறுபடி அதே 190, அதே நேரம். வளைவு வருவதற்கு முன்பே மாப்பிள்ளை வேகத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டார். யாரும் சொல்லவில்லை, அவராகவே. முந்தின நாள் உட்கார்ந்த அதே இடத்தில், காது கிழிந்த அது உட்கார்ந்திருந்தது. எங்கள் வெளிச்சம் பட்டதும் எழுந்து சாலைக்கு வந்தது. மாப்பிள்ளை ஜன்னலை இறக்காமல் ஹாரனை அழுத்தினார். பையன் இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டி, "போ! போ!" என்று தொண்டை கிழியக் கத்தினான். கத்தும்போதே அவன் கண்ணில் தண்ணீர். அது ஓரமாக ஒதுங்கி நின்றது. நாங்கள் கடந்து போனோம்.

நான் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் வந்த வெள்ளைக் கார் வேகத்தைக் குறைத்தது. நின்றது. பயணிப் பக்கத்து ஜன்னல் இறங்கியது.