எல்லைக் காவல் கட்சி எனக்கு விழுந்தது

2025 செப்டம்பரில் மதுரையில் கல்லூரிகளுக்கு இடையே ஒரு விவாதப் போட்டி நடந்தது. எங்கள் துறையிலிருந்து நானும் என் தோழியும் போனோம். தலைப்பு: 'அண்டை நாடுகளோடு வணிகத்தைப் பெருக்குவதைவிட எல்லைக் காவலுக்குப் பணம் ஒதுக்குவதே முதல் தேவை.' யார் எந்தக் கட்சி என்று இரண்டு வாரத்துக்கு முன்பே சீட்டுக் குலுக்கிச் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு விழுந்தது ஆதரித்துப் பேசும் கட்சி.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. என் தாய்மாமா கீழமாரட் வீதியில் ஒரு வெங்காய மண்டியில் கணக்கு எழுதுகிறவர். சரக்கு போகிற வழியை அடைத்தால் என்ன ஆகும் என்பதை அவர் வாயால் கேட்டே வளர்ந்தவள் நான். மறு கட்சி கிடைத்திருந்தால் தயாரிப்பே இல்லாமல் ஏறிப் பேசியிருப்பேன்.

இந்த ஊரில் பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த எல்லோருக்கும் ஒரு நினைப்பு உண்டு. நல்ல குரலும் இரண்டு உதாரணமும் இருந்தால் மேடையைப் பிடித்துவிடலாம் என்று. இந்தப் போட்டியில் அது நடக்காது. ஆறு நிமிடம் பேச்சு, நான்கு நிமிடம் எதிர்த்தரப்பின் கேள்வி. சொல்லும் எந்த எண்ணுக்கும் ஆவணம் எது என்று நடுவர் கேட்கலாம்.

முதல் ஒத்திகையிலேயே மாட்டிக்கொண்டேன். 2025-26 மத்திய பட்ஜெட்டில் உள்துறை அமைச்சகத்துக்குச் சுமார் 2.33 லட்சம் கோடி ரூபாய். அதை அப்படியே எடுத்து, 'எல்லையைக் காக்க நாடு இவ்வளவு செலவழிக்கிறது' என்று ஆரம்பித்தேன். எங்கள் பேராசிரியை கையைக் காட்டி நிறுத்தினார். "இதுக்குள்ள டெல்லி போலீஸும் இருக்கு, ஜம்மு காஷ்மீருக்குக் கொடுக்கிற பணமும் இருக்கு. எல்லை எங்கம்மா இருக்கு?"

பதில் சொல்ல மூன்று நாள் ஆனது. எந்தத் துறைக்கு எவ்வளவு என்று பட்ஜெட்டோடு வரும் மானியக் கோரிக்கைப் புத்தகங்களை வரி வரியாகப் பார்த்தேன். பாகிஸ்தான், வங்கதேச எல்லைகளைக் காப்பது எல்லைப் பாதுகாப்புப் படை. அதற்கு 28,231 கோடி ரூபாய். சீன எல்லைக்கு இந்தோ திபெத் எல்லைக் காவல் படை, நேபாள, பூட்டான் எல்லைகளுக்கு சசஸ்திர சீமா பல், மியான்மர் பக்கம் அசாம் ரைபிள்ஸ். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி. இதில் பெரும்பகுதி சம்பளம். வேலி, சாலை, மின்விளக்கு, சோதனைச் சாவடி போன்றவை எல்லை உள்கட்டமைப்பு என்ற தலைப்பில் தனியாக வருகின்றன: 5,597 கோடி. ஒவ்வொரு எண்ணையும் ஒரு சின்ன அட்டையில் எழுதி, பின்பக்கம் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டேன். போட்டிக்குப் போகிற தம்பி தங்கைகள் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

எண் கிடைத்துவிட்டது, வாதம் கிடைக்கவில்லை. 'நாட்டைக் காப்பதே முதல் கடமை' என்று முழங்க எனக்கு மனசு வரவில்லை. சனிக்கிழமை மாமாவைப் பார்க்க மண்டிக்குப் போனேன்.

மத்தியான நேரம், வியாபாரம் ஓய்ந்திருந்தது. சிவப்பு வலை மூடைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கால் வைக்கிற இடமெல்லாம் சருகு. மாமா ஒரு மூடையிலிருந்து வெங்காயம் ஒன்றை எடுத்து அதன் கழுத்தைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார். கெட்டியாக இருக்க வேண்டிய இடம் மெத்தென்று உள்ளே போனது. "இது இன்னும் நாலு நாள் தாங்கும் தாயி. அப்புறம் தண்ணி விட்டுரும். பக்கத்துல இருக்கிறதையும் கெடுக்கும்."

2023-இல் நடந்ததைக் கேட்டேன். ஆகஸ்ட் 19-ஆம் தேதி வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி போட்டார்கள், உடனே அமல். கொழும்புக்குக் கப்பல் ஏற்ற வேண்டிய மகாராஷ்டிரச் சரக்கு அப்போது தூத்துக்குடிக்கு வந்துகொண்டிருந்தது. டிசம்பரில் ஏற்றுமதிக்கே தடை. 2024 மே மாதம் தடை விலகியது. வரி முழுசாகப் போனது 2025 ஏப்ரல் 1-ஆம் தேதிதான். மாமா இதை எல்லாம் கோபமில்லாமல்தான் சொன்னார். "வரி போட்டா வெலையில ஏத்திக்கலாம், இல்லை அங்கிட்டு அனுப்பாம இங்கிட்டே வித்துக்கலாம். லாரி வாசல்ல நின்னா ஒண்ணும் செய்ய முடியாது. வங்கதேச வாசல்ல வாரக்கணக்குல நின்ன லாரிக உண்டு. கையால அவுத்துப் பாத்துட்டுத்தானே விடணும்?"

வாசல் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். லாரி நிற்கிற வாசலைக் கட்டுவது யார்? வணிக அமைச்சகம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால், நிலத் துறைமுக ஆணையம் என்று 2012-இல் ஆரம்பித்த ஒன்று, உள்துறையின் எல்லை மேலாண்மைத் துறைக்குக் கீழே இருக்கிறது. பாகிஸ்தான் எல்லையில் இருக்கிற அட்டாரியிலும், வங்கதேச எல்லையில் இருக்கிற பெட்ராபோலிலும் லாரி நிறுத்துமிடம், கிடங்கு, சோதனைக் கூடம் எல்லாம் அதன் பொறுப்பு. வேலி போடுகிற அமைச்சகமே கதவும் வைக்கிறது. எல்லைக்கான பணத்தைக் குறைத்தால் அந்த லாரி இன்னும் இரண்டு நாள் கூடுதலாக நிற்கும். இதை நான் மனசாரப் பேச முடியும்.

தோழி அமெரிக்கா, மெக்சிகோவை எடுத்துக்கொண்டாள். எல்லைச் சுவருக்கு 570 கோடி டாலர் கேட்டு எழுந்த சண்டையில் அங்கே அரசாங்கத்தின் ஒரு பகுதி 2018 டிசம்பர் 22 முதல் 35 நாள் முடங்கியது. அதற்கு மூன்று வாரம் முன்புதான் அதே அமெரிக்கா அதே மெக்சிகோவோடும் கனடாவோடும் புதிய வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது. காவலையும் வணிகத்தையும் ஒரே அரசு ஒரே நேரத்தில் பார்க்கத்தான் செய்கிறது என்று அவள் காட்டினாள்.

போட்டி நாளில் பேச்சு நன்றாகவே போனது. பெட்ராபோல் அட்டையை நடுவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கேள்வி நேரத்தில் எதிர்த்தரப்பில் ஒல்லியான ஒரு பெண் எழுந்தாள். குறிப்பே இல்லாமல் கேட்டாள்: "அட்டாரியிலயும் நீங்க சொல்ற அதே பணத்துலதான் வாசல் கட்டினாங்க. 2012-ல திறந்தாங்க. 2019-ல பாகிஸ்தான் சரக்குக்கு 200 சதவீத வரி போட்டாங்க. இந்த ஏப்ரல்ல வாசலையே மூடிட்டாங்க. பணம் இருந்துச்சு. வணிகம் எங்க?"

என்னிடம் அதற்கு அட்டை இல்லை. சில நொடி நின்றேன். பிறகு, வாசலைத் திறப்பதும் மூடுவதும் அரசியல் முடிவு, பணத்தால் அதை வாங்க முடியாது என்று ஒப்புக்கொண்டேன். நாளைக்குத் திறக்கலாம் என்று முடிவானால் அன்றைக்குக் கட்ட ஆரம்பிக்க முடியாது, கட்டியது நிற்க வேண்டும் என்றும் சொன்னேன். மணி அடித்துவிட்டது.

இரண்டாம் இடம் கிடைத்தது. முதலிடம் அந்தப் பெண்ணின் அணிக்கு. அது நியாயமான தீர்ப்பு என்றுதான் எனக்குப் பட்டது.

சான்றிதழை எடுத்துக்கொண்டு நேராக மண்டிக்குப் போனேன். மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் படித்தார். அந்தக் கேள்வியைச் சொல்லச் சொன்னார், சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். வாசலில் இரண்டு பேர் லாரியிலிருந்து மூடை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்த அட்டாரியில மூடை தூக்குனவுகளப் பத்தி யாராச்சும் பேசுனீங்களாத்தா?"

பேசவில்லை. இரண்டு கட்சியிலுமே யாரும் பேசவில்லை.