நிகோலாய் பான்கோவின் மேசை

பழைய பத்திரிகைகளைத் தேடுவது எனக்குப் பிடித்த வேலை. அப்படித்தான் 1920களின் மாஸ்கோவுக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ரோமா மக்கள் (‘ஜிப்சிகள்’ என்று பிறர் அழைப்பவர்கள்) தங்கள் ரோமானி மொழியில் நடத்திய ‘ரோமானி சோரியா’ என்ற பத்திரிகை 1927இல் தொடங்கியது. சில இதழ்களே வந்தன. அதன்பின் ‘நெவோ ட்ரோம்’ 1932 வரை வந்தது.

அதுவரை பாட்டாகவும் கதையாகவும் வாயிலேயே வாழ்ந்த மொழி அது. ரஷ்ய எழுத்துகளைத் தழுவி அதற்கு ஓர் எழுத்துமுறை அமைத்தார்கள். அலெக்சாந்தர் கெர்மானோ கதையும் நாடகமும் எழுதினார். எனக்கு மிகவும் நெருக்கமானவர் நிகோலாய் பான்கோவ். நினா துதரோவாவோடு சேர்ந்து குழந்தைகளுக்குப் பாடநூல் எழுதிய அதே மனிதர், ரஷ்யக் கவிஞர் புஷ்கினையும் ரோமானியில் மொழிபெயர்த்தார். பாடநூலும் பெரிய இலக்கியமும் ஒரே மேசையில்! ஒரு மொழிக்கு இதைவிடப் பெரிய தொண்டு எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

பெல்கிரேடிலும் 1935இல் ஸ்வெதோசார் சிமிச் ‘ரோமானோ லில்’ என்ற பத்திரிகையைக் கொண்டுவந்தார். மூன்று இதழ்களோடு நின்றுவிட்டது.

மாஸ்கோவில் 1938இல் சோவியத் அரசு சிறுபான்மை மொழிகள் பற்றிய கொள்கையை மாற்றியது. ரோமானிப் பள்ளிகளும் பதிப்பு வேலைகளும் நின்றன. 1931இல் தொடங்கிய ‘ரோமேன்’ நாடக அரங்கு மட்டும் தப்பியது. அப்புறம், அங்கேயும் ரஷ்ய மொழிதான் மேலோங்கியது.