80 விழுக்காடு

ஜனவரி 6
எங்கள் ஐஸ் ஹாக்கி அணியின் இடது விங்கருக்கு (இடப்பக்கத் தாக்குதல் வீரர்) கவட்டையில் பிடிப்பு. தசை இடுப்பெலும்பில் ஒட்டும் இடத்தை அழுத்தினால் வலி. முழங்கால்களுக்கிடையே பந்தை வைத்து நசுக்கினால் இன்னும் வலி. தசையில் பள்ளம் தட்டுப்படவில்லை, கன்றலும் இல்லை. முழுதாக அறுந்திருக்காது.

ஜனவரி 7
நீட்டி இழுக்கவே கூடாது. பிடிப்பு என்றதும் எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள், கிழிந்த நார் மேலும் கிழிகிறது. பந்தை அழுத்துவது மட்டும்: 10 நொடி, 10 முறை. வலி பத்துக்கு இரண்டைத் தாண்டினால் அழுத்தத்தைக் குறை.

ஜனவரி 9
ஸ்கேட்டிங்கில் கால் வெளியேயும் பின்னேயும் உதைக்கிறது. அதைத் தடுத்து உள்ளே இழுப்பது உள்தொடைத் தசை. நீண்டுகொண்டே இறுக வேண்டும். கிழிவது அந்த நொடியில்தான். என்எச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) வீரர்களைச் சீசனுக்கு முன் அளந்து 2001-இல் வெளியான ஆய்வு தெளிவாகச் சொல்கிறது: காலை உள்ளே இழுக்கும் உள்தசையின் பலம், வெளியே விரிக்கும் வெளித்தசையின் பலத்தில் 80 விழுக்காட்டுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் காயம் வரும் வாய்ப்பு 17 மடங்கு. அளக்க ஒரு கைக்கருவியும் சில நிமிடங்களும் போதும். ஏன் எல்லா அணிகளும் அளப்பதில்லை?

ஜனவரி 11
டிஃபென்ஸ்மேன் (தடுப்பு வீரர்) தலை, ஆடுதளத்தைச் சுற்றியுள்ள பலகையில் மோதியது. உடனே வெளியே. முதல் 24–48 மணி நேரம் மிதமான ஓய்வு. இருட்டறை வேண்டாம், மெதுவான நடை நல்லது. பிறகு சைக்கிள். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். மோதல் பயிற்சிக்கு முன் மருத்துவர் ஒப்புதல்.

ஜனவரி 13
விங்கரை அளந்தேன். உள்தசை வெளித்தசையில் 64 விழுக்காடு.

ஜனவரி 17
விங்கருக்கு நடந்தால் வலிக்கவில்லையாம், சனிக்கிழமை ஆடலாமா என்கிறார் கோச். கூடாது! நடையில் இந்தத் தசைக்கு அந்த வேலையே கிடையாது. நேர்கோட்டில் மெதுவான ஸ்கேட்டிங், அவ்வளவுதான்.
கோபன்ஹேகன் பயிற்சி தொடக்கம். பக்கவாட்டில் படுத்து, மேல்காலின் முழங்காலைப் பெஞ்சில் தாங்கி இடுப்பைத் தூக்கு. மூன்று நொடியில் இறக்கு. பக்கத்துக்கு 6, இரண்டு சுற்று. இடுப்பு தொங்கினால் பயனில்லை. கணுக்காலைப் பெஞ்சில் வைப்பது பிறகு.

ஜனவரி 20
கழுத்துக் காப்பு இல்லாமல் இருவர் பனியில் இறங்கினார்கள். 2023 அக்டோபர் 28, ஷெஃபீல்டு. ஆட்டத்தில் ஸ்கேட் பிளேடு கழுத்தை வெட்டி ஆடம் ஜான்சன் இறந்த பிறகுமா?

ஜனவரி 24
78. இரண்டுதானே குறைகிறது என்கிறார்கள். இல்லை, குறைகிறது என்பதுதான் விஷயம். கிராஸ்ஓவர் (வளைவில் ஒரு காலை மற்றதன் மேல் தாண்டி வைப்பது) பாதி வேகத்தில், இரு பக்கமும்.

ஜனவரி 27
82. திடீர் நிறுத்தம் வலப்பக்கம் வலியில்லை. இடப்பக்கம் நாளை.