கிரால் ஸ்பேஸில் தண்ணீர்: பிளாஸ்டிக் விரிப்பு கடைசி வேலை

அமெரிக்காவின் வட கரோலினாவில் ராலே, கேரி பக்கம் பல வீடுகள் நேரே மண்ணில் உட்காருவதில்லை. கான்கிரீட் பிளாக் தூண்கள்மேல் தரை நிற்கும். அதற்கடியில் தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய மூன்று, நான்கு அடி இருட்டறைதான் கிரால் ஸ்பேஸ். அங்குள்ள சிவப்புக் களிமண் தண்ணீரை லேசில் குடிக்காது. ஒரு பெருமழையில் உள்ளே புகுந்த தண்ணீர் வாரக்கணக்கில் கிடக்கும்.

கதவைத் திறந்து தண்ணீரைப் பார்த்ததும் உள்ளே இறங்காதீர்கள். கீழே ஏசி மெஷின், வயர், விளக்கு எல்லாம் இருக்கும். அந்தப் பகுதியின் பிரேக்கரை முதலில் அணையுங்கள். சாக்கடை வாடை அடித்தால் அது உங்கள் வேலை இல்லை, அதற்கென்று இருப்பவர்களைக் கூப்பிடுங்கள்.

அடுத்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தெருவோரத் தண்ணீர் மீட்டரைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான மீட்டர்களில் முகப்பில் ஒரு சின்ன முக்கோணமோ பல்சக்கரமோ இருக்கும். அது மெல்லச் சுற்றினாலும் எங்கோ குழாய் கசிகிறது. அரை மணி நேரம் அசையாமல் நின்றால் ஏசியின் கழிவுநீர்க் குழாயைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால், வந்தது மழைத் தண்ணீர்தான். 1000 சதுர அடிக் கூரையில் 1 அங்குலம் பெய்தால் சுமார் 620 கேலன் இறங்கும். கூரையிலிருந்து வரும் டவுன்ஸ்பவுட் சுவரடியிலேயே முடிந்தால் அத்தனையும் அஸ்திவாரத்துக்குத்தான் போகும். குழாயைக் குறைந்தது 6 அடி வெளியே நீட்டுங்கள். சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் மண் 6 அங்குலம் சரிய வேண்டும். பல வீடுகளில் இந்த இரண்டே போதும். இதைப் பார்க்காமலே, மண்ணை மூடும் பிளாஸ்டிக் விரிப்பைப் பல ஆயிரம் டாலருக்கு விற்க வருபவரை நம்பாதீர்கள்.

தேங்கியதை இறைக்க, தரையோடு ஒட்டி உறிஞ்சும் சின்ன சப்மெர்சிபிள் பம்ப் போதும். ஹோஸின் மறுமுனை வீட்டைவிட்டுத் தள்ளி, சரிவில் விழட்டும். பிறகு மேலே தரையைத் தாங்கும் ஜாய்ஸ்ட் கட்டைகளுக்கு இடையே தொங்கும் ஃபைபர்கிளாஸ் பஞ்சில் நனைந்தது அத்தனையையும் கழற்றிப் பையில் கட்டி வெளியேற்றுங்கள். கையால் அழுத்தினால் சொட்டும் அந்தப் பஞ்சு, ஈரத்தை மரத்தோடு ஒட்ட வைத்துக்கொண்டே இருக்கும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். என்-95 முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். கருத்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துத் துடைத்துக் காயவிடுங்கள். ப்ளீச் மரத்தின் மேற்பரப்பை வெளுப்பதோடு சரி, அதிலிருக்கும் தண்ணீர் மரத்துக்குள் போய் இன்னும் ஈரமாக்கும்.

உலர்த்தும்போதுதான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். காற்றோட்டம் வேண்டுமென்று சுவரிலுள்ள வென்ட்களை (காற்றுத் திறப்புகளை) திறந்து ஃபேன் வைப்பார்கள். ஜூலையில் இங்கே வெளிக்காற்றில் இருக்கும் ஈரம், 70 டிகிரிக்குக் (ஃபாரன்ஹீட்) கீழே இருக்கும் மண்ணிலும் ஏசி டக்ட்டிலும் பட்டதும் தண்ணீராகிவிடும், ஐஸ் தண்ணீர் டம்ளர் வியர்ப்பதைப் போல. வென்ட்களை மூடி, மண்மேல் தற்காலிகமாக ஒரு பிளாஸ்டிக் தாளைப் போட்டு, கிரால் ஸ்பேஸுக்கென்றே வரும், காற்றின் ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையரை ஓட்டுங்கள். ஈரப்பத மீட்டரின் இரண்டு ஊசிகளையும் ஜாய்ஸ்டில் குத்திப் பத்து இடத்தில் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 19 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஆபத்து. 16க்குக் கீழே வரும்வரை காத்திருங்கள், வாரங்கள் ஆகலாம். மூடிய முறையைச் சும்மா சொல்வதில்லை. ராலேயின் அட்வான்ஸ்டு எனர்ஜி நிறுவனம் பிரின்ஸ்வில் ஊரில் 12 வீடுகளில் அளந்து பார்த்தபோது, மூடிய கிரால் ஸ்பேஸ்கள்தான் அதிகம் உலர்ந்திருந்தன.

மரம் காய்ந்த பிறகே நிரந்தர விரிப்பு. 6 மில் (0.15 மி.மீ.) தடிமன் குறைந்தபட்சம். அதன்மேல் தவழ்ந்து போய்வருவதானால் 12 மில்லுக்குக் குறைந்தது கிழியும். ஓரங்களை ஓரடி ஒன்றன்மேல் ஒன்று போட்டு டேப் ஒட்டுங்கள், சுவரிலும் தூண்களைச் சுற்றியும் ஏற்றுங்கள். சுவர் உச்சியில் 3 அங்குலம் வெறுமையாக விடுங்கள். கறையான் மண்பாதை போட்டால் கண்ணில் பட வேண்டும். உள்ளே கேஸ் ஹீட்டர் இருந்தால் வென்ட்களை நிரந்தரமாக மூடுமுன் அதற்கான காற்றுவழியை மெக்கானிக்கிடம் உறுதி செய்யுங்கள்.

வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் திடீரென்று வெடித்த குழாய்க்குத்தான் பணம் தரும், மண்ணில் ஊறி வந்த தண்ணீருக்குத் தராது. பஞ்சைக் கழற்றுமுன்னே, தூண்களில் தண்ணீர் நின்ற கோட்டோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள்.

மேலே மரத்தரை இருந்தால் பலகைகள் ஓரம் தூக்கி நடுவில் குழிந்திருக்கும். அதைப் பார்த்து உடனே இழைக்க ஆள் கூப்பிடாதீர்கள். ஈரத்திலேயே ஓரத்தை இழைத்துச் சமமாக்கினால், காய்ந்த பிறகு ஓரம் தாழ்ந்து நடு புடைத்து நிற்கும். கீழே ஈரப்பத மீட்டர் எண் இறங்கி, அடுத்தடுத்த வாரங்களிலும் மாறாமல் நின்றால் குழிவு பெரும்பாலும் தானே தணியும். மிச்சம் இருந்தால் அப்போது இழைக்கலாம்.