கையில் பூட்ஸ்

"தம்பி, செருப்பைக் கழட்டிட்டு வாங்க."

கொடைக்கானல் மலைக்கிராமமான வெள்ளகவியின் எல்லையில் ஒரு பெரியவர் சொன்னார். பதினோராயிரம் ரூபாய் பூட்ஸ். அதைப் போய் செருப்பு என்றுவிட்டார்.

அந்த ஊருக்குள் யாரும் காலணி போடுவதில்லை. நாங்கள் நால்வரும் பூட்ஸைக் கையில் பிடித்துக்கொண்டு, ஜில்லென்ற கல்லில் கூசிக் கூசி நடந்தோம்.

கிளிமஞ்சாரோ போகிறோம். ஆப்பிரிக்காவின் உச்சி, 5,895 மீட்டர். அதற்குப் பழகத்தான் விடியற்காலையில் கும்பக்கரையில் கிளம்பி வட்டக்கானல் ஏற்றம். முதுகுப் பையில் ஆளுக்கு எட்டு லிட்டர் தண்ணீர், சும்மா கனத்துக்கு!

பெரியவர் தலையில் சும்மாடு, அதன்மேல் ஒரு மூட்டை பட்டர் ஃப்ரூட். வெறுங்கால். குதிகாலில் காய்ந்த மண்போல வெடிப்பு. பேசிக்கொண்டே ஏறினார். எங்களுக்கு மூச்சு வாங்கியது.

கிளிமஞ்சாரோவிலும் நம் கூடாரம், சாப்பாடு எல்லாம் உள்ளூர்க்காரர்கள் தலையில்தான் மேலே போகும். ஆளுக்கு 20 கிலோ வரை. நமக்குச் சின்னப் பை மட்டும். வழிகாட்டிகள் "போலே போலே" என்பார்களாம். ஸ்வாஹிலியில் 'மெதுவா, மெதுவா'. உச்சியில் காற்றழுத்தம் கடலோரத்தில் இருப்பதில் பாதிதான், வேகம் காட்டினால் தலைவலியும் வாந்தியும்தான் மிச்சம்.

படம் பிடிக்க நாங்கள் போவோம். மலையை ஏறுவது அவர்கள்.

பெரியவரிடம் விவரம் சொன்னோம்.

"அவ்ளோ உசரத்துல என்ன சாமிப்பா?"

"கோயில் எல்லாம் இல்லீங்கய்யா."

"அப்புறம் எதுக்கு?"

நால்வரும் குனிந்து லேஸ் கட்ட ஆரம்பித்தோம்.