மாடி அறைக் குறிப்புகள்

ஜூன் 21

கல்லூரிக் காலத்தில் வாங்கி வைத்த ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலை இப்போதுதான் திறந்திருக்கிறேன். ஒருவன் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதுவதே அதில் வரும் சர்வாதிகார நாட்டில் மரண தண்டனையோ 25 ஆண்டு கட்டாய உழைப்போ கிடைக்கக்கூடிய செயல். குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டதாம். பாளையங்கோட்டையில் காற்று மட்டும் ஜன்னலை அறைகிறது.

ஜூன் 22

விடிந்ததும் வெறும் வயிற்றில் காசநோய் மாத்திரை. அத்தை செம்பில் தண்ணீருடன் படியேறி வந்து, நான் விழுங்கும்வரை கண்ணெடுக்காமல் நின்றுவிட்டு, “எங்க, வாயைத் தொறட்டி” என்றார். நாக்கைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் இறங்கிப் போனார். பிற்பகலில் படித்த பக்கங்களில், எழுந்தவுடன் இருமித் தீர்க்கும் கதாநாயகன் வின்ஸ்டன், வீட்டுக்குள்ளேயே இருந்து ஆளைக் கண்காணிக்கும் தொலைத்திரையின் முன் உடற்பயிற்சி செய்கிறான். சரியாகக் குனியவில்லை என்று திரையில் நிற்கும் பெண் அவனுடைய எண்ணைச் சொல்லி அதட்டுகிறாள். சிரித்தேன், இருமல் வந்தது.

ஜூன் 24

மாத்திரையால் சிறுநீர் இன்றும் செம்மஞ்சள்தான்.

ஜூன் 27

ஆர்வெலுக்கும் இதே நோய். 1948-இல் அமெரிக்காவிலிருந்து தருவித்த ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்து அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல், தோலும் நகமும் பாழாகி, வாயெல்லாம் புண்ணாகி, ஊசியை நிறுத்தவேண்டியதாயிற்று. எஞ்சிய மருந்து வேறு நோயாளிகளுக்குப் போயிற்று. அதே ஆண்டில்தான் ஜூரா தீவில் படுக்கையில் கிடந்தபடி இந்த நாவலைத் தட்டச்சு செய்து முடித்தார். 1949 ஜூனில் நூல் வந்தது. 1950 ஜனவரியில், 46 வயதில் இறந்துபோனார். அவருக்கு வாய்க்காத மருந்தைத்தான் நான் முகத்தைச் சுளித்து விழுங்குகிறேன்.

ஜூன் 30

சிகிச்சை அட்டையில் குறிப்பதற்காகச் சுகாதாரப் பணியாளர் வந்துபோனதும், எதிர்வீட்டு ஆச்சி, “யாருட்டி அது, மாசாமாசம் வாராரு?” என்று தெருவிலிருந்தே கேட்டார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன தீர்ப்பு ஆச்சியின் திண்ணைக்கு இன்னும் வந்து சேரவில்லை. எல்.ஐ.சி.காரர் என்று சொல்லிவைத்தேன்.

ஜூலை 3

டவுனில் ஆனித் திருவிழாக் கூட்டம். எனக்கு அனுமதி இல்லை.

கடைக்கு மேலே இருக்கும் அறையில் யாரும் பார்க்கவில்லை என்று நம்பி வின்ஸ்டனும் அவன் காதலி ஜூலியாவும் பேசிக்கொண்டிருக்க, சுவரில் மாட்டிய படத்துக்குப் பின்னாலேயே தொலைத்திரை இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. நான் ஒரு வேளை மாத்திரையை ஜன்னலுக்கு வெளியே எறிந்தால் கேள்வி கேட்கும் உரிமை அத்தைக்கு உண்டா? பட்டாசலில் தவழும் அண்ணன் மகனை நினைத்தால் உண்டு என்றுதான் சொல்லவேண்டும். விட்டு விட்டுச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய் அவனையும் பிடிக்கலாம். நியாயம் அத்தை பக்கம், எரிச்சல் என் பக்கம். ஆனாலும் வாயைத் திறந்து காட்டும் அந்த நொடியில் எனக்கு வயது ஐந்தாகிவிடுகிறது.

ஜூலை 5

வதைக்கூடத்தில் ஆளும் கட்சியின் மேல்மட்டத்து ஆளான ஓப்ரியன் வின்ஸ்டனிடம், உன்னைத் தண்டிப்பதற்காக அல்ல, குணப்படுத்துவதற்காகவே கொண்டுவந்திருக்கிறோம் என்கிறான். அவன் நோயே இல்லாதவனைக் குணப்படுத்துகிறான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன்.

இரவு அத்தையிடம், இனிமேல் நானே எடுத்துச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்றேன்.

“சளி டெஸ்ட்டு முடிவு வரட்டும், பொறவு பாப்போம். இப்பம் அந்தச் சவத்துப் பொஸ்தகத்தை மூடிட்டுத் தூங்குட்டி.”

நாளையும் கேட்பேன்.